இரண்டு பேரும் வேண்டியவர்கள்

"ரெண்டு பேருமே நமக்கு வேண்டியவங்கம்மா." கொடைக்கானலில் ஒரு பெண் இந்த வாக்கியத்தை ஒரே வாரத்தில் நான்கு பேரிடம் கேட்டாள். மூன்று பேர் வக்கீல்கள். நான்காவது ஆள் நான்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை. சம்பளம் எங்கள் கிளையில்தான் வரவாகிறது. புருஷனுக்கும் இங்கேதான் கணக்கு; சுற்றுலாக்காரர்களுக்கு வேன் ஓட்டுகிறவன், வேனுக்குக் கடன் கொடுத்ததும் நாங்கள்தான். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. கோடை விடுமுறைக்கு மேல்மலையில் அப்பத்தா வீட்டுக்குப் போன குழந்தை, பள்ளிக்கூடம் திறந்த பிறகும் திரும்பவில்லை. அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். புருஷன் பெண்சாதிக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதாமல் விடுவதற்கான காரணமும் இந்தக் கட்டுரையின் விஷயத்தோடு சேர்ந்ததுதான்.

முதல் வக்கீல் புருஷன் வீட்டாருக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர். இரண்டாமவர் அவர்களுக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளி. மூன்றாமவர் இளைஞர். ஒரு மணி நேரம் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், குறித்தும் கொண்டார். கடைசியில் அவரும் அதே வாக்கியத்தைச் சொன்னார். அன்று சாயங்காலமே மேல்மலையில் மாமியாருக்குத் தெரிந்துவிட்டது, மருமகள் கையில் என்னென்ன காகிதங்கள் இருக்கின்றன, என்னென்ன இல்லை என்று.

இந்த மூன்று பேரில் யாரையும் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மூன்றாமவரைக்கூட. டீக்கடையில் வாய்விடுவது துரோகம் என்று அவருக்குப் படவில்லை. ஊர் விஷயத்தை ஊரிடம் சொன்னார், அவ்வளவுதான். வக்கீலிடம் சொன்னது வெளியே போகக் கூடாது என்று சாட்சியச் சட்டம் 1872லிருந்து சொல்லிவருகிறது; 2024இல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அதையே திருப்பிச் சொல்கிறது. சட்டம் நினைத்துப் பார்த்த வக்கீல் தனியறையில் உட்கார்ந்திருப்பவர். எங்கள் ஊர் வக்கீலின் அறைக்குக் கதவு கிடையாது, திரைதான்.

சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பார்கள். சரியாகச் சொன்னால், எல்லோருக்கும் எல்லோருடைய உறவும் தெரியும். ஆளைத் தெரியாது. ஒருவரைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் அவர் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. யாருக்கு என்ன வேணும் என்றுதான் கேட்கிறார்கள். இந்தக் கணக்கில் வக்கீலும் முதலில் மச்சான், பிறகு பங்காளி, பிறகு கொடுக்கல் வாங்கல்காரர். இத்தனைக்கும் அப்புறம்தான் வக்கீல். தொழில் என்று நாம் சொல்வது இந்த வரிசையை ஒரு சில மணி நேரத்துக்காவது தலைகீழாக்கிக்கொள்ளும் சக்தி. நகரத்தில் அதற்குத் தனியாக ஒரு முயற்சி தேவையில்லை. ஜனக்கூட்டமே அதைச் செய்து கொடுத்துவிடுகிறது. இங்கே ஒருவன் அதைத் தன் மனத்தை வருத்திச் செய்தாக வேண்டும், செய்ததற்காக அடுத்த கோயில் கொடை வரைக்கும் ஏச்சு வாங்க வேண்டும்.

நில வழக்காக இருந்தால் இவ்வளவு சிரமமில்லை. பட்டா இருக்கிறது, பத்திரம் இருக்கிறது. கையில் மஞ்சள் பையோடு வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ முகந்தெரியாத வக்கீலிடம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். குழந்தை வழக்குக்குப் பத்திரம் கிடையாது. யார் குளிப்பாட்டினார்கள், காய்ச்சலில் யார் விழித்திருந்தார்கள், எந்த ராத்திரி யார் வீட்டில் இல்லை - இதுதான் தஸ்தாவேஜு. இதை வெட்கமில்லாமல் சொல்ல வேண்டுமானால் கேட்கிறவர் அந்நியராக இருக்க வேண்டும். ஆனால் இதற்குச் சாட்சி சொல்லக் கூடியவர்களோ அக்கம் பக்கத்தார்தான். கேட்கிறவர் அந்நியர், சொல்கிறவர் அறிந்தவர். சின்ன ஊரில் முன்னவர் கிடைப்பதில்லை. பின்னவர் கிடைத்தும் பயனில்லை.

இதற்கெல்லாம் விதிகள் இல்லாமலில்லை. தான் வழக்கமாகத் தொழில் நடத்தும் கோர்ட்டில் உரிய கட்டணத்துக்கு வருகிற வழக்கை வக்கீல் ஏற்க வேண்டும், விசேஷ காரணம் இருந்தால்தான் மறுக்கலாம் என்று பார் கவுன்சிலின் நடத்தை விதி சொல்கிறது. கோயமுத்தூரில் குற்றஞ்சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல்கள் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்மானம் போட்டு மறுப்பது பட்டணத்து வழக்கம். எங்கள் ஊரில் கனிவாக மறுக்கிறார்கள், காப்பி வரவழைத்துக் கொடுத்து மறுக்கிறார்கள். கனிவை எந்தக் கோர்ட்டில் ரத்துசெய்வது? 1987ஆம் வருஷத்துச் சட்டம் பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. தாலுகா அளவில் அந்த இலவச வக்கீலாக வரக்கூடியவர்கள் யார் என்று பார்த்தால், பழைய முகங்கள்தான்.

இந்த வாக்கியத்தை இதைவிடச் சின்ன ஒரு ஊரில் கேட்டிருக்கக்கூடிய இன்னொரு மனிதரைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த ஊர் அடையாறில் தியாசாபிகல் சொசைட்டியின் வளாகம். மனிதர் ஜிட்டு நாராயணய்யா, ஓய்வுபெற்ற தாசில்தார். மனைவியை இழந்தவர். 1909இல் பிள்ளைகளோடு அங்கே வந்து சொசைட்டி வேலையில் சேர்ந்து, வளாகத்தை ஒட்டி ஒரு வீட்டில் குடியிருந்தார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியிடம் ஓர் உலக குருவுக்கான அடையாளத்தை லெட்பீட்டர் கண்டுபிடித்தார். 1910 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவருக்கும் அன்னி பெசன்டைக் காப்பாளராக ஏற்று நாராயணய்யா கடிதம் எழுதிக் கொடுத்தார். பிறகு மனம் மாறினார். பிள்ளைகள் அதற்குள் இங்கிலாந்தில் இருந்தார்கள். 1912 அக்டோபரில் வழக்குத் தொடுத்தார்.

அவருடைய ஸ்திதியை யோசித்துப் பாருங்கள். வேலை கொடுத்தவர்கள், வீடு கொடுத்தவர்கள், பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுத்தவர்கள், ஆன்மீகத்தில் வழிகாட்டியவர்கள் எல்லோரும் ஒரே ஆட்கள். மனிதன் வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் பிரித்து வைத்துக்கொள்ளும் நம்பிக்கைகளை அவர் ஒரே இடத்தில் வைத்திருந்தார். அந்த வளாகத்துக்குள் அவருக்காகப் பேச யார் முன்வந்திருக்க முடியும்? வக்கீல் வெளியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. வந்தவர் சி.பி. ராமஸ்வாமி அய்யர். எதிர்த் தரப்பில் பெசன்ட் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தன் வழக்கைத் தானே வாதாடினார்.

பெசன்ட் அப்படிச் செய்வது அது முதல் தடவையல்ல. 1878இல் லண்டனில், பாதிரியாராக இருந்த அவர் கணவர், பிரிவினை ஒப்பந்தப்படி தாயிடம் இருந்த மகள் மேபலைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரினார். தாய் நாஸ்திகை, தவிர, அதற்கு முந்திய வருஷம் கர்ப்பத்தடை பற்றிய நோல்ட்டனின் பிரசுரத்தை வெளியிட்டதற்காக பிராட்லாவோடு குற்றவாளிக் கூண்டில் நின்றவர். அந்தத் தடவையும் பெசன்ட் தானே வாதாடினார். ஒரு பெண் அப்படி எழுந்து நின்று பேசுவதே நீதிபதி ஜெஸ்ஸலுக்கு உறுத்தியது. எட்டு வயது நிரம்பாத மகள் பறிபோனாள்.

தனக்காகத் தானே பேசுகிறவர் சொல்வது வாதமாகக் கேட்கப்படுவதில்லை, நடத்தையாகப் பார்க்கப்படுகிறது. குரல் உயர்ந்தால் அடங்காதவள், தெளிவாகப் பேசினால் கல்நெஞ்சுக்காரி, அழுதால் நிதானமில்லாதவள். மற்ற வழக்குகளில் இது ஓரளவு தப்பித்துப் போகலாம்; ஒருவர் குழந்தையை வளர்க்கத் தகுதியானவரா என்பதே கேள்வியாக இருக்கும் வழக்கில், பேசும் வாயே காட்சிப்பொருளாகிவிடுகிறது. வக்கீல் என்பவர் சட்டம் தெரிந்தவர் என்பதற்காக மட்டும் தேவைப்படவில்லை. நம் கோபத்தை நம்மிடமிருந்து வாங்கி, நம்முடையது என்று அடையாளம் தெரியாதபடி எடுத்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறது. 1984ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டம் வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமையல்ல என்கிறது. குடும்ப விஷயத்தில் மனிதர்கள் நேராகப் பேசிக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பேசக் கற்றிருந்தால் சரி.

அடையாறு வழக்குக்கு வருகிறேன். செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் தொடங்கிய வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் தீர்ப்புச் சொன்னார். லெட்பீட்டர் மீது தகப்பனார் சொன்ன மிகக் கடுமையான குற்றச்சாட்டை ஏற்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளைத் தகப்பனிடம் ஒப்படைக்க உத்தரவிட்டார். அப்பீலிலும் அதுவே நின்றது. 1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் எல்லாவற்றையும் தள்ளியது. பிள்ளைகள் செங்கல்பட்டு ஜில்லாவில் வசிக்கவில்லை, ஆகவே இங்கே நடந்த விசாரணையே அதிகாரமற்றது என்றது. தகப்பன் கொடுத்த அனுமதியைத் தகப்பன் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் ஒப்புக்கொண்டது. இன்னொன்றும் சொன்னது: பிள்ளைகளின் நலனும் விருப்பமும் உரியபடி விசாரிக்கப்படவேயில்லை, அவர்களுக்காக யாரும் ஆஜராகவில்லை.

கிருஷ்ணமூர்த்தி அப்போது விரல் சூப்பும் குழந்தையல்ல. பேக்வெல் தீர்ப்பின்போது பதினெட்டை எட்ட ஒரு மாதமே பாக்கி. சென்னையின் பெரிய மூளைகள் மாதக்கணக்கில் வாதாடிய வழக்கில், அவனுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி கடல் தாண்டிப் போன பிறகுதான் ஒரு வாக்கியமாக எழுந்தது. அங்கேயும் அதற்குப் பதில் வாங்கவில்லை. பதில் வாங்காமல் விட்டது தவறு என்று சொன்னதோடு சரி. 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்திலேயே, விவரம் தெரிந்த வயதுள்ள குழந்தையின் விருப்பத்தை நீதிபதி கருத்தில் கொள்ளலாம் என்று இருக்கிறது. 'கொள்ளலாம்.' நம்முடைய ஆசிரியை தெருத் தெருவாகத் தேடியதும் தனக்கு ஒரு வக்கீலைத்தான். அந்த ஏழு வயதுக்கு ஒரு வக்கீல் தேடவேண்டும் என்று அவளுக்கோ, புருஷனுக்கோ, இதை எழுத உட்காரும் வரை எனக்கோ தோன்றவில்லை.

சி.பி. விஷயத்தில் ஒரு பின்கதை உண்டு. வழக்கு முடிந்து இரண்டு வருஷத்தில், 1916இல், பெசன்ட் ஹோம் ரூல் லீகைத் தொடங்கியபோது அதில் அவருக்குப் பக்கத்தில் நின்ற முக்கியஸ்தர்களில் சி.பி.யும் ஒருவர். தன் வளர்ப்புப் பிள்ளைகளைப் பிரிக்க வாதாடியவரைப் பெசன்ட் விரோதியாக நினைக்கவில்லை. இதைப் பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டுப் போகலாம். எனக்கு வேறு விதமாகப் படுகிறது. மயிலாப்பூரும் அடையாறும் சேர்ந்த அந்த மேல்மட்டமும் சின்ன ஊர்தான், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர். ஆனால் அங்கே வேஷத்துக்கும் ஆளுக்கும் நடுவே ஓர் இடைவெளியைப் பழகி வைத்திருந்தார்கள். நாள் முழுவதும் எதிர்த்து வாதாடிவிட்டு, கவுனைக் கழற்றிய பிறகு கைகுலுக்கிக்கொள்ள முடிந்தது. இந்தப் பழக்கத்துக்குச் சொத்தும் இங்கிலீஷும் உதவியிருக்கும். நாராயணய்யாவுக்கு அந்த வசதியில்லை. அவர் வக்கீல் பின்னாளில் அவருடைய எதிரியோடு மேடையேறினார். அவர் பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

ஆகவே எங்கள் ஊர் வக்கீல்களிடம் குறைவது நடுநிலை அல்ல. அது அவர்களிடம் ஏராளமாக இருக்கிறது. எதிர்த்துவிட்டுப் பிறகும் மனிதனாகப் பழகலாம் என்ற நம்பிக்கைதான் குறைவு. அந்த நம்பிக்கை இல்லாததால் ஒதுங்கிக்கொள்கிறார்கள், ஒதுங்கியதை நியாயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒதுங்கினால் என்ன ஆகிறது? நிலத்தகராறில் ஒதுங்கினால் நிலம் கிடந்த இடத்தில் கிடக்கும். குழந்தை கிடந்த இடத்தில் கிடப்பதில்லை, வளர்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடுவில் புதிய பள்ளிக்கூடம் பழகுகிறது, புதிய சிநேகிதிகள் சேர்கிறார்கள், அம்மாவின் கைமணம் கொஞ்சம் மறக்கிறது. பிறகு ஒருநாள் நீதிபதி பார்க்கும்போது, பழகிய இடத்திலிருந்து குழந்தையைப் பெயர்ப்பது நலனுக்கு உகந்ததல்ல என்பது நியாயமான வாதமாகவே ஆகிவிட்டிருக்கும். குழந்தை யார் கைவசம் இருக்கிறதோ அவருக்கு ஊரார் மௌனம் ஒவ்வொன்றும் ஒரு நாள் லாபம். இரண்டு பேரும் வேண்டியவர்கள் என்று சொல்கிறவர் இரண்டு பேருக்கும் சமமாக எதையும் செய்யவில்லை.

(நமக்கும் இது தெரியாத விஷயமல்ல. இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களும் எழுதுபவர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தானே. எத்தனை மோசமான தொகுப்புகளுக்கு, ஆள் வேண்டியவர் என்பதால், மதிப்புரையே எழுதாமல் விட்டிருக்கிறோம். அதை விமர்சன நாகரிகம் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம். அங்கே நஷ்டப்படுவது ஒரு வாசகனின் நாற்பது ரூபாயும் ஒரு மாலைப்பொழுதும் மட்டுமே என்பதால் யாரும் தூக்கம் கெடவில்லை.)

என் முறைக்கு வருகிறேன். அவள் வங்கிக்கு வந்து முதலில் கேட்டது, புருஷன் கணக்கின் வரவு செலவுப் பட்டியல். முடியாது என்றேன். அது சரி. ஒருவர் கணக்கு ரகசியத்தை இன்னொருவரிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. கோர்ட் கேட்டால் கிளை கொடுக்கும். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு இரண்டாவதாக ஒன்று கேட்டாள். "அண்ணே, நாலு வருஷமா பாக்கிறீங்க. பாப்பாவக் கூட்டிக்கிட்டு வந்தது யாரு, இந்த பெஞ்சுல உக்காந்து வீட்டுப்பாடம் எழுத வச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியும். அத மட்டும் வந்து சொல்வீங்களா?"

இதில் வங்கி ரகசியம் எதுவுமில்லை. பெஞ்சு எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கிறது. ஆனாலும் முதல் கேள்விக்குச் சொன்ன பதிலின் வேகத்திலேயே இரண்டாவதற்கும் சொல்லிவிட்டேன், இரண்டு பேரும் எங்களுக்கு வேண்டியவர்கள் என்று. வக்கீல்கள் 'நமக்கு' என்றார்கள். நான் 'எங்களுக்கு' என்று ஒரு ஸ்தாபனத்தின் பின்னால் நின்றுகொண்டேன். முறையான மௌனத்தின் மரியாதையை முறையற்ற மௌனத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன் என்பது ராத்திரி வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது. அவள் புருஷன் எனக்குச் சிநேகிதன். விசேஷமான சிநேகம் என்று இல்லை. மழை நாளில் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விடுவான்.

அவள் திண்டுக்கல்லுக்குப் போய் ஒரு வக்கீலைப் பிடித்தாள். அவளையோ அவள் குடும்பத்தையோ அறியாதவர். மேல்மலை எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. காப்பாளர் மனு ஜில்லா அளவிலான கோர்ட்டில்தான் போடவேண்டும். மலை இறங்கி ஏற ஒரு பகல் முழுதும் போய்விடும். ஐப்பசி கார்த்திகையில் காட் ரோட்டில் மண் சரிந்தால் அந்த வாய்தாவும் போச்சு. குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம் எது என்பது இப்போது அங்கே முதல் கேள்வி. 1914இல் கேட்ட அதே கேள்வி. இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரு தனி விசித்திரம் உண்டு. 1901லிருந்து, வெளியூர்க் குழந்தைகளை விடுதியில் வைத்துப் படிக்கவைத்துப் பேர் வாங்கிய ஊர் இது. தாய் தகப்பனை வருஷத்தில் பாதி நாள் பார்க்காத குழந்தைகள் ஏரிக்கரையில் வரிசையாக நடந்து போவதை தினமும் பார்க்கிறோம். அவர்கள் எங்கே வசிக்கிறவர்கள் என்று யாரும் கேட்டதில்லை, கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது.

என் பெயரையும் சாட்சிப் பட்டியலில் கொடுத்திருக்கிறாள். சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள். சம்மன் இன்னும் வரவில்லை. வந்தால் போவேன் என்றுதான் நினைக்கிறேன்.

போன மாதம் குழந்தை பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்க வந்தாள். மைனர் கணக்கு விண்ணப்பத்தில் காப்பாளர் என்று ஒரு கட்டம் உண்டு. 1984இல் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப்போன எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம், தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். 1956ஆம் வருஷத்துச் சட்டம் தகப்பன், அவனுக்குப் 'பிறகு' தாய் என்கிறது. 1999இல் உச்ச நீதிமன்றம், 'பிறகு' என்றால் அவன் செத்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, அவன் பொறுப்பில் இல்லாதபோதும்தான் என்று வாசித்தது. ஒரே ஒரு சொல்லை உற்றுப் படித்துக் கிடைத்த நீதி, விமர்சகர்கள் பொறாமைப்படலாம். இவள் விஷயத்தில் அந்தச் சிக்கல்கூட எழவில்லை, தாய் கையெழுத்தே போதும். மளமளவென்று எழுதி முடித்தாள்.

குழந்தையின் சமீபத்திய புகைப்படம் இரண்டு பிரதி என்று விண்ணப்பம் கேட்கிறது. அவள் பர்ஸிலிருந்து எடுத்தது எல்.கே.ஜி. சேர்ந்தபோது எடுத்த படம். முன்பல் இரண்டும் அப்படியே இருந்தன. அதற்குப் பிறகு விழுந்திருக்கும், முளைத்தும் இருக்கும். "இது பழசு, புதுசா ஒண்ணு..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். பசையை எடுத்து அந்தப் படத்தையே ஒட்டினேன்.